கணித மேதை இராமானுஜனும் நம்ம சி புரோகிராமும்

சி புரோகிராமிங் என்றாலே நம்மில் பலபேருக்கு வயிற்றைக் கலக்கும். ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராம்களை அப்படியே மனப்பாடம் செய்து, பிராக்டிகலில் எது வருதோ அதை ஒப்பித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். எக்ஸாமினர் கேள்வியில் ஒரே ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்தால் போதும், கை அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டர் என்ற பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இறந்துபோன ஒருவரின் வாழ்க்கையை இந்த மலருக்கு எழுத நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஸ்ரீநிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியவர். குடும்பத்தில் காசு எப்போதும் இழுபறிதான். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, 1903-ல், கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய தடிமனான கணக்குப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. சுமார் 5000 சூத்திரங்கள், நிரூபணம் மட்டும் பெயருக்குத்தான். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். அதோடு மற்ற பாடமெல்லாம் கைவிட்டுப் போயிற்று.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் தேறவில்லை, ஸ்காலர்ஷிப் போய்விட்டது. 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் அதே கதைதான். 1907-ல் எஃப்.ஏ. பரீட்சையை எழுதி மறுபடியும் ஃபெயில். அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். அந்த ஃபெயிலுக்கு அவர் கொடுத்த விலை பெரிசு. டிகிரி இல்லை, வேலை இல்லை, 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. பையன்களுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை.

இந்தக் காலத்தில் அவருக்கு இருந்த ஒரே கருவி சிலேட்டு. பேப்பர் வாங்க வசதி கிடையாது. சிலேட்டில் கணக்கைப் போடுவார், முழங்கையாலேயே அழிப்பார், அடுத்த படியை எழுதுவார். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டில் ஏற்றுவார்.

நண்பர்களே, நமக்கு முதல் யூனிட்டில் வருகிற வேரியபிள் இந்த சிலேட்டுத்தான். அதில் ஒரு நேரத்தில் ஒரு மதிப்புத்தான் நிற்கும். புதிசு எழுதினால் பழையது போச்சு. எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று என்று பார்த்தவுடனே, இது எந்த ஊர்க் கணக்கு, இரண்டு பக்கமும் எப்படிச் சமமாகும் என்று முழிக்கிறோம். அது சமன்பாடே இல்லை. சிலேட்டில் இருப்பதைப் படி, ஒன்றைக் கூட்டு, பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுது என்கிற உத்தரவு. பழைய மதிப்பு பின்னால் வேண்டுமென்றால், அழிப்பதற்கு முன்னால் இன்னொரு சிலேட்டில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். நோட்டைப் புரட்டியவர், இந்தப் பையனுக்கு ஒரு சின்ன ஆபீஸ் உத்தியோகம் கொடுத்து வீணாக்க மனசில்லாமல், சிபாரிசுக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். உதவிப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட இராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், சம்பளம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணக்குப் பைத்தியம்தான். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். இராமானுஜன் பத்துப் படியைத் தாண்டி விடைக்குப் போய்விடுவார். எனக்கே புரியவில்லை, வேறு யாருக்குப் புரியும், நடுவில் உள்ள படிகளையும் எழுது என்று ஐயர் அவரை விடாமல் நச்சரித்தாராம். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்குமுன் வேறு இரண்டு ஆங்கிலேயப் பேராசிரியர்களிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஹார்டியும் அவர் சகா லிட்டில்வுட்டும் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எழுதியவன் முதல்தரமான ஆள் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆனால் பகா எண்களைப் பற்றி அவர் எழுதியதில் தப்பு இருந்தது. அவருடைய சூத்திரம் சின்ன எண்களுக்கெல்லாம் நன்றாகப் பொருந்தியது, மேலே போகப்போகக் கைவிட்டது. நாமும் மூன்று இன்புட் கொடுத்துப் பார்த்து, மூன்றும் சரியாக வந்தால் புரோகிராம் ஓகே என்று ரெக்கார்டில் எழுதிவிடுகிறோம். மேதைக்கே அது காலை வாரியது.

1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். அந்த வருஷமே பை மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு கட்டுச் சூத்திரங்கள் வெளியிட்டார். நம்ம பாடத்தில் ஒன்று, கழித்தல் மூன்றில் ஒன்று, கூட்டல் ஐந்தில் ஒன்று என்று ஒரு தொடர் வருமே, அதில் ஆறு தசம இடம் சரியாக வர லூப் லட்சக்கணக்கான தடவை சுற்ற வேண்டும். இராமானுஜனின் ஒரு தொடரில் முதல் உறுப்பு மட்டுமே ஆறு இடத்தைக் கொடுத்துவிடும். 9801-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி 4412-ஆல் வகுத்துப் பாருங்கள், கால்குலேட்டரே போதும். அடுத்தடுத்து ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு இலக்கம்போலக் கூடும். 1985-ல் காஸ்பர் என்பவர் இதே தொடரைக் கம்ப்யூட்டரில் ஓட்டி ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கங்களுக்கு மேல் கண்டுபிடித்தார்.

1729 கதையை எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். அதைவிட நமக்கு உதவுகிற கதை மகலநோபிஸுடையது. பிரசாந்த சந்திர மகலநோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காளி. ஒருநாள் இராமானுஜன் அறைக்குப் போனபோது அவர் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். ஒரு பத்திரிகையில் வந்த புதிரை மகலநோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டு எண் என்ன? எட்டு வீடு உள்ள தெருவென்றால் ஆறாம் எண் வீடு: இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 7-ம் 8-ம் சேர்ந்து 15.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? வெளியே ஒரு ஃபார் லூப், தெருவின் நீளத்துக்கு. உள்ளே ஒரு ஃபார் லூப், வீட்டு எண்ணுக்கு. அதற்குள்ளே இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கூட்ட இன்னும் இரண்டு லூப். கடைசியில் ஒரு இஃப். இப்படிப் போனால் நான்கு கோடிக்கு மேல் கூட்டல். கொஞ்சம் யோசித்து, ஒன்றிலிருந்து எண் வரை கூட்டுவதற்குப் பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டால் உள் லூப்புகள் இரண்டும் போய்விடும். சுமார் 1,23,000 தடவை இஃப் பார்த்தால் முடிந்தது. விடை 288 வீடு, 204-ஆம் எண்.

இராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலே இந்தத் தெருவுக்கு மட்டுமில்லை, எல்லாத் தெருவுக்குமான விடையை ஒரு தொடர்பின்னமாகச் சொல்லிவிட்டார். அதைப் பிரித்தால் வீட்டு எண்கள் 1, 6, 35, 204, 1189 என்று வரும். இப்போதைய எண்ணை ஆறால் பெருக்கி முந்தியதைக் கழித்தால் அடுத்தது. மூன்றே மூன்று வேரியபிள்: பழையது, இப்போதையது, அடுத்தது. அடுத்ததைக் கணக்குப் பண்ணு, இப்போதையதைப் பழையதில் போடு, அடுத்ததை இப்போதையதில் போடு. இந்த இரண்டு வரியின் வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். ஏனென்று சிலேட்டை நினைத்துக்கொண்டால் தானாகப் புரியும். நான்கு கோடி எங்கே, மூன்று சுற்று எங்கே!

இதை டர்போ சி-யில் அடித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. 6930-க்கு அடுத்து 40391 வரவேண்டும், ஸ்கிரீனில் மைனஸ் 25145 என்று வரும். லாஜிக்கில் தப்பே இல்லை. டர்போ சி-யில் இன்ட் என்பது இரண்டு பைட், 32767 வரைக்கும்தான் கொள்ளும், அதைத் தாண்டினால் மைனஸ் பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும். இன்டை லாங் என்று மாற்றினால் சரியாகும். புது கம்பைலர்களில் இன்ட் நான்கு பைட் என்பதால் இது உடனே தெரியாது, இன்னும் சில சுற்றுக்குப் பிறகு அங்கேயும் இதே கதைதான். டேட்டா டைப் என்பது தியரி பேப்பரில் ஐந்து மார்க் அட்டவணை மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது இந்தப் புதிரால்தான்.

புதிர் கேட்ட மகலநோபிஸ் பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1950-களின் நடுவில் அங்கேதான் இறங்கியது. இன்றைக்கு நம்ம நாவலூரில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் ரோட்டின் ரெண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே போக ஐடி கார்டு வேண்டும், அந்தக் கார்டுக்காகத்தான் நம்மில் பாதிப்பேர் வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓடுவதும் இதே வேரியபிள், இஃப், லூப்தான்.

இங்கிலாந்தின் குளிரும், போர்க்காலத்தில் சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட பாடும் இராமானுஜன் உடம்பை உருக்கிவிட்டன. 1917-லிருந்து ஆஸ்பத்திரி வாசம்தான். 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார், அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவும் ஆனார். எஃப்.ஏ. மட்டும் கடைசிவரை பாஸ் ஆகவில்லை. 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்பார்கள். அவர் நம்பிக்கை அது. அதை மட்டும் சொல்லிக் கைகூப்பிவிட்டு, அந்தச் சிலேட்டு எத்தனை ஆயிரம் தடவை அழிந்தது என்பதை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து தன் காலில் நின்று, திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார். கணவர் கடைசி வருஷத்தில் படுக்கையில் கிடந்தபடி எழுதிய காகிதங்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டிக்குப் போய், அதன்பின் எங்கே என்றே யாருக்கும் தெரியாமல் கிடந்தன. 1976-ல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் அவற்றைக் கண்டெடுத்தார். அறுநூறுக்கும் மேல் சூத்திரங்கள், வழக்கம்போல விடை மட்டும், படி கிடையாது. நாராயண ஐயர் கேட்டுக்கேட்டு வாங்கிய அந்த நடுப்படிகளை ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்ட் என்பவரும் உட்கார்ந்து எழுதினார்கள். மொத்தம் ஐந்து தொகுதி, கடைசித் தொகுதி 2018-ல் வெளிவந்தது.