பச்சையப்ப முதலியாரின் இளமை

நம் காஞ்சிமாநகரில் தறியோசை கேட்கும் தெருக்களிலே, பெற்ற கூலியை அன்றே மதுக்கடையில் இறைத்துவிட்டு வெறுங்கையினராய் வீடு திரும்பும் தந்தையரும் உளர். பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளை அவர்க்குப் பதிலாகத் தறிக்குழியில் இறங்குகின்றான். தந்தை இருந்தும் இல்லாத அப்பிள்ளைகளைக் காணுந்தோறும், தந்தை முகமே காணாது வளர்ந்த பச்சையப்ப முதலியாரை நாம் நினைக்கின்றோம். அவரது கொடையைப் புகழ்வோர் பலர். இளமையை எடுத்துரைப்போர் சிலரே.

அவர் குடும்பம் காஞ்சிபுரத்தைச் சார்ந்தது. 1754ஆம் ஆண்டில் அவர் பிறக்குமுன்னரே தந்தையார் விசுவநாத முதலியார் காலமாயினார். அன்னையார் பூச்சியம்மையார், ஆர்க்காட்டு நவாபின் அலுவலராயிருந்த ரெட்டிராயர் என்பாரின் ஆதரவை நாடிப் பெரியபாளையத்தில் வாழ்ந்தார். பிள்ளைக்கு ஐந்து வயதளவில் அவ்வாதரவாளரும் மறைந்தார். படர்ந்த கொம்பு இருமுறை ஒடிந்த கொடிபோலாயினார் அம்மையார். எனினும் அவர் தளர்ந்திலர். மக்களுடன் சென்னை புகுந்து, துபாஷியாகிய நாராயண பிள்ளையை அடைந்தார்.

துபாஷி என்பார், ஆங்கில வணிகர்க்கும் நம் நாட்டார்க்கும் இடைநின்று, இருமொழியும் பேசிக் கொள்வினை கொடுப்பினைகளை முடித்துத் தருபவர். அந்நாளில் அதனினும் வருவாய் மிக்க தொழில் சென்னையில் அரிது. நாராயண பிள்ளை அச்சிறுவனுக்குச் சோறிட்டதோடு அமையாது, எழுத்தும் கணக்கும் தம் தொழிலின் நுட்பமும் கற்பித்தார். ஏழைப் பிள்ளைக்குச் சோறிடுவார் எவ்வூரிலும் உளர். தம் தொழிலையே பிறர் மகனுக்குத் திறந்து காட்டுவார் எத்துணைப் பேர்? முதலியாரின் வரலாற்றில் நாம் பெரிதும் போற்றுவது இச்செயலையே. பதினாறு வயதளவில் அவ்விளைஞர் வணிகர்க்கு முகவராய் அமர்ந்தார். குடும்பபாரம் அவர் தோளில் ஏறியது. இருபது வயதைக் கடந்த சின்னாளிலேயே செல்வர் வரிசையில் எண்ணப்பட்டார். பின்னர்த் தஞ்சை அரசரோடும் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது.

1794ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் மரணசாசனம் எழுதினார். 31ஆம் நாள் திருவையாற்றில் இறந்தார். வயது நாற்பதே. அச்சாசனம் கோயில் வழிபாட்டையும் அன்னதானம் முதலியவற்றையுமே கருதியது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்பதைப் பலர் அறியார். உறவினரின் வழக்குகளால் அறம் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. வட்டியோடு பெருகிய பொருளில், கோயிற்பணிக்கு ஒதுக்கியதுபோக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாமென நீதிமன்றம் வகுத்தது. அவ்வாறே 1842இல் சென்னையில் முதற் பள்ளி திறக்கப்பெற்றது. காஞ்சியிலும் அவர் பெயரால் பள்ளி எழுந்தது.

அக்காஞ்சிப் பள்ளியில் நெசவாளர் குடிப்பிள்ளை ஒருவர் பயின்றார். வீட்டு வறுமையால் இடையிலே படிப்பை நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். ஆயினும் 1928இல், பத்தொன்பது வயது நிரம்புங்காலத்தில், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். 1967இல் அவரே முதலமைச்சரான அண்ணாதுரையார்.