தண்ணீர் வற்றும் நேரத்தை எண்ணிய மருத்துவர்: யார் இந்த ஜோசப் பிளாக்? ஏலக்காய் உலர்த்துவதற்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இருந்து காலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே பறிக்கிற காயை அப்படியே மூட்டை கட்டிவிட முடியாது, உலர்த்தியாக வேண்டும். சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோ கிடைக்கும். மீதி 4 கிலோ? ஆவியாகிப் போகிற தண்ணீர்தான். அதை விரட்டத்தான் விறகும் மின்சாரமும் செலவாகின்றன.

அந்தத் தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? பிளஸ் 1 வேதியியலில் வருகிற இந்தக் கேள்வியை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் பிளாக். அவர் ஒரு மருத்துவர்.

திராட்சை ஊரில் பிறந்தவர்

பிளாக் பிறந்தது 1728 ஏப்ரல் 16-ம் தேதி, பிரான்ஸின் போர்டோ நகரில். கம்பம் பள்ளத்தாக்கு போலவே அதுவும் திராட்சைக்குப் பெயர் பெற்ற பகுதி. இங்கே பன்னீர் திராட்சை பழமாகச் சந்தைக்குப் போகிறது. அங்கே திராட்சை ஒயினாகிக் கப்பலேறும். பிளாக்கின் தந்தை அந்த ஒயின் வியாபாரி. குடும்பத்தின் பூர்வீகம் ஸ்காட்லாந்து. தந்தை பிறந்தது அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்.

12 வயது வரை வீட்டிலேயே படித்த பிளாக், பிறகு பெல்ஃபாஸ்ட் பள்ளிக்கும், அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கும் போனார். அங்கே வேதியியல் கற்பித்த வில்லியம் கல்லன் அவரைத் தன் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். திரவங்கள் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாவதைப் பற்றி 1756-ல் கட்டுரை எழுதியவர் கல்லன். மண்பானையில் தண்ணீர் சில்லென்று இருக்கிறதே, அதே விஷயம்தான்.

எடின்பரோவில் மருத்துவப் பட்டத்துக்காக 1754-ல் பிளாக் சமர்ப்பித்த ஆய்வு, மக்னீசிய உப்பு ஒன்றைப் பற்றியது. சூடாக்கும்போது அதன் எடை ஏன் குறைகிறது என்று தராசில் நிறுத்து நிறுத்துப் பார்த்தார். அதிலிருந்து ஒரு வாயு வெளியேறுவதைக் கண்டுபிடித்தார். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயு அது. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத இந்தப் பழக்கம்தான் அடுத்த கண்டுபிடிப்புக்கும் அடித்தளம்.

பனிக்கட்டி கிளப்பிய சந்தேகம்

1756-ல் கிளாஸ்கோவுக்கே ஆசிரியராகத் திரும்பினார் பிளாக். உருகும் நிலைக்கு வந்துவிட்ட பனிக்கட்டிக்கு இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்தால் போதும், முழுவதும் தண்ணீராகிவிடும் என்பதே அந்தக் காலத்து நம்பிக்கை. பிளாக்குக்கு அது இடித்தது. அப்படியானால் குளிர்காலம் முடிந்ததும் மலையில் உள்ள பனி மொத்தமும் ஒரே நாளில் உருகி ஊரையே அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே? ஆனால் வாரக்கணக்கில் அல்லவா உருகுகிறது!

1761 குளிர்காலத்தில் சோதித்துப் பார்த்தார். இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் சம அளவு தண்ணீர். ஒன்றில் அதைப் பனிக்கட்டியாக்கினார். மற்றொன்றில் உறைநிலைக்குச் சற்று மேலே குளிரவைத்தார். இரண்டையும் ஒரே அறையில் தொங்கவிட்டார். குளிர்ந்த தண்ணீர் சுமார் 4 டிகிரி செல்சியஸ் சூடேற அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே சூட்டுக்கு வரப் பத்தரை மணி நேரம் பிடித்தது. அறையின் வெப்பம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பமானி நகரவே இல்லை. வெப்பமானியில் தெரியாமல் உள்ளே போய்விடுகிற இந்த வெப்பத்துக்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

4 நிமிடம், பிறகு 20 நிமிடம்

உருகும்போது இப்படி என்றால் ஆவியாகும்போது? 1762 அக்டோபரில் தட்டையான தகரப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பழுக்கக் காய்ந்த இரும்பு அடுப்பின் மேல் வைத்தார். தண்ணீரின் தொடக்க வெப்பநிலை 10 டிகிரி. 4 நிமிடத்தில் கொதி வந்தது. அதாவது 90 டிகிரி ஏற 4 நிமிடம். முழுவதும் வற்ற மேலும் 20 நிமிடம்.

அடுப்பு ஒரே சீராக எரிந்தது என்று வைத்துக்கொண்டால், தண்ணீரைக் கொதிக்க வைத்ததைப் போல 5 மடங்கு வெப்பம் அதை ஆவியாக்கச் செலவாகியிருக்கிறது. 5 பெருக்கல் 90, அதாவது 450 டிகிரி ஏற்றக்கூடிய வெப்பம். இன்றைய துல்லியமான அளவு சுமார் 540. ஒரு தகரப் பாத்திரமும் கடிகாரமும் வைத்துப் போட்ட கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிய விஷயம்.

வாட் கேட்ட கேள்வி

அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராக இருந்தவர் ஜேம்ஸ் வாட். பழைய நீராவி இயந்திர மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கும்போது அவருக்கு ஒரு புதிர் எழுந்தது. கொஞ்சம் நீராவி, தன்னைப் போல 6 மடங்கு எடையுள்ள குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோனது. இது எப்படி? பிளாக்கிடம் கேட்டார். ஆவியாகும்போது உள்ளே போன வெப்பம் மறுபடி தண்ணீராகும்போது வெளியே வருகிறது என்று பிளாக் விளக்கினார்.

1765-ல் வாட், நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலன் வைக்கும் யோசனையைக் கண்டார். எரிபொருள் செலவு வெகுவாகக் குறைந்தது. பிளாக்கின் கொள்கையில் இருந்து நேரடியாகத் தன் கண்டுபிடிப்பு பிறக்கவில்லை என்று வாட் பின்னாளில் தெளிவுபடுத்தினார். ஆனால் அளந்து ஆராயும் முறையை பிளாக்கிடம் கற்றதை மறைக்கவில்லை. வாட்டின் ஆரம்பகாலச் சோதனைகளுக்குக் கடன் கொடுத்தவரும் பிளாக்தான்.

இன்று இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

25 டிகிரியில் உள்ள 1 லிட்டர் தண்ணீரை முழுவதும் ஆவியாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படிகள் உண்டு.

முதல் படி, கொதிநிலைக்குக் கொண்டுபோவது. 1,000 கிராம், 75 டிகிரி உயர்வு, கிராமுக்கு 4.18 ஜூல். மூன்றையும் பெருக்கினால் சுமார் 314 கிலோஜூல்.

இரண்டாம் படி, ஆவியாக்குவது. ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். ஆக 1,000 கிராமில் சுமார் 55.5 மோல். ஒரு மோலுக்கு 40.65 கிலோஜூல் வீதம் சுமார் 2,256 கிலோஜூல். மொத்தம் 2,570 கிலோஜூல்.

மாணவர்கள் வழுக்குவது இரண்டு இடங்களில். கிராமை மோலாக மாற்றாமலே பெருக்கிவிடுவது ஒன்று. முதல் படியை விட்டுவிடுவது இன்னொன்று.

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால், அதே அளவு வெந்நீரைவிட ஏன் மோசமாகச் சுடுகிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 1 கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போதே சுமார் 2,260 ஜூலை இறக்கிவிடுகிறது. 1 கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறினாலும் கொடுப்பது சுமார் 263 ஜூல்தான்.

ஏலக்காய்க்கு எவ்வளவு விறகு?

ஏலக்காய் கொதிப்பதில்லை. 50 டிகிரி வாக்கில்தான் உலர்த்துகிறார்கள். அதனால் வெப்பம் மிச்சமாகுமா என்றால், ஆகாது. அந்த வெப்பநிலையில் 1 கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,380 கிலோஜூல் தேவை, கொஞ்சம் கூடுதல்தான். 100 கிலோ பச்சைக் காயில் 80 கிலோ தண்ணீர் போக வேண்டும் என்றால், சுமார் 1,90,000 கிலோஜூல். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15,000 கிலோஜூல் தரும். ஆக, ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால்கூட 13 கிலோ விறகு வேண்டும். நடைமுறையில் புகையோடும் வெளியேறும் சூடான காற்றோடும் நிறைய போய்விடுவதால் இதைவிடப் பல மடங்கு எரியும். அந்த இழப்பைத்தான் நல்ல டிரையரால் குறைக்க முடியும். வெளியேறும் ஆவியின் வெப்பத்தையே மறுபடி பிடித்துப் பயன்படுத்தினால் ஒழிய, 13 கிலோவுக்குக் கீழே இறங்க முடியாது.

புத்தகம் எழுதாத ஆசிரியர்

1766-ல் எடின்பரோ பேராசிரியரான பிளாக், சுமார் 30 ஆண்டுகள் அங்கே கற்பித்தார். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தும் நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டனும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடல்நிலை எப்போதும் சுமார்தான்.

உள்ளுறை வெப்பம் பற்றி அவர் கடைசிவரை ஒரு கட்டுரைகூட அச்சிடவில்லை. வகுப்பில் சொன்னதோடு சரி. கேட்ட மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் கைமாறி ஊர் ஊராகப் போயின. 1799 டிசம்பர் 6-ம் தேதி, 71-வது வயதில், சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபடியே அமைதியாக இறந்தார். மடியில் வைத்திருந்த பால் கோப்பை சிந்தாமல் அப்படியே இருந்தது என்று நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவருடைய விரிவுரைகளை மாணவர் ஜான் ராபிசன் தொகுத்து 1803-ல் வெளியிட்டார். அடுப்பும் கடிகாரமும் வைத்துச் செய்த அந்தச் சோதனை முழுமையாக அச்சில் வந்தது அப்போதுதான்.