ஏழைகளின் வழக்குரைஞர் ‘ரோசாப்பூ துரை’



திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, தாளவாடிப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம் நீதிமன்றத்திற்கு வந்து நிற்கும் ஏழை மனிதரை நாம் பார்த்திருக்கிறோம். அவர் கையில் ஒரு காகிதம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அன்றைய கூலி போயிற்று. பஸ்ஸுக்குக் கடன் வாங்கியிருப்பார். வக்கீலுக்குக் கொடுக்க அவரிடம் என்ன இருக்கும்?

இப்படிப்பட்டவர்களுக்காகப் பேசுவதை இறைப்பணியாகவே செய்தவர் புனித இவோ. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் குருவாகவும் நீதிபதியாகவும் வழக்குரைஞராகவும் வாழ்ந்து, ஏழைகளுக்காகப் பணம் வாங்காமல் வாதாடினார். வழக்குரைஞர்களின் பாதுகாவலராகிய அவரது திருவிழாவை மே 19 அன்று திருச்சபை கொண்டாடுகிறது. அதே பணியை நம் தமிழ் மண்ணில், மதுரையில் செய்த ஒரு கிறிஸ்தவ வழக்குரைஞரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர்தான் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

1887-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். புகழ்பெற்ற பத்திரிகையாளர் போத்தன் ஜோசப் இவரது தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, இலண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1909-இல் தாயகம் திரும்பினார். சிறிது காலம் சென்னையில் இருந்தபின் மதுரையில் வழக்குத் தொழிலைத் தொடங்கினார். சீமையில் படித்த பாரிஸ்டருக்கு அந்நாளில் என்ன குறை? வசதியும் மதிப்பும் தேடி வரும். ஜமீன்தார்களின் சொத்து வழக்குகளை நடத்தியே அவர் வாழ்நாளை நிம்மதியாகக் கழித்திருக்கலாம். ஆனால் வேறு சில மனிதர்களும் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

அவர்கள் யார்? குற்றப்பரம்பரையினர் என்று ஆங்கில அரசு முத்திரை குத்திய மக்கள். 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளர்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். வயது வந்த ஆண்கள் தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும். இரவு நேரத்தில் காவல் நிலையத்திற்கு வந்து தாங்கள் இருப்பதைக் காட்ட வேண்டும். பக்கத்து ஊருக்குப் போவதற்கும் சீட்டு வாங்க வேண்டும். தவறினால் சிறை. இதற்கு அவர்கள் ஒரு குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சமூகத்தில் பிறந்திருந்தாலே போதும்! 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள்.

இம்மக்களுக்காகத்தான் ஜார்ஜ் ஜோசப் நீதிமன்றத்தில் நின்றார். அவர்களிடம் பணம் எதிர்பார்க்காமல் வழக்குகளை நடத்தினார். அவர்களது துயரத்தைப் பத்திரிகைகளில் எழுதினார். திருடர் என்று ஊரே ஒதுக்கியவர்களை, மற்ற மனிதர்களைப் போலவே சட்டத்தின் பாதுகாப்புக்கு உரிமை உடையவர்களாகப் பார்த்தார். அவர்களோ அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தார்கள். ஜோசப் என்ற பெயரே கிராமத்து மக்களின் நாவில் ரோசாப்பூ ஆயிற்று என்று சொல்வார்கள். அந்த நன்றியில் தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்த குடும்பங்களும் உண்டு. நம் ஊர்களில் அந்தோணி, சவேரியார் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதுபோல, ஒரு வக்கீலின் பெயரை அவர்கள் தங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இதைவிடப் பெரிய கட்டணம் எந்த வழக்குரைஞருக்குக் கிடைக்கும்?

மதுரை ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கவும் அவர் துணைநின்றார். கூலி உயரவும் வேலை நேரம் குறையவும் அச்சங்கம் போராடி வெற்றியும் கண்டது. 1918-இல் மதுரை விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பேசிய பேச்சுக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு கைது செய்யப்பட்டபோது, சேலத்திலிருந்து வந்து வாதாடிய இராஜாஜிக்கு உதவியாக நின்றவரும் இவரே.

பின்னர் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்திற்கு அழைப்பு விடுத்தபோது, நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலையே விட்டுவிட்டார். அலகாபாத் சென்று மோதிலால் நேருவின் ‘இண்டிபெண்டென்ட்’ பத்திரிகையின் ஆசிரியரானார். 1921 டிசம்பரில் கைதாகி இலக்னோ சிறையில் ஜவகர்லால் நேரு, மகாதேவ் தேசாய் ஆகியோருடன் அடைபட்டார். 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டு மீண்டும் கைதானார். அப்போராட்டத்தை இந்துக்களே நடத்தட்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. ஒரு மனிதன் தெருவில் நடப்பது எல்லாருக்கும் உரிய காரியம் என்பதை ஜோசப் தம் செயலால் காட்டினார்.

அதன்பின் மதுரைக்குத் திரும்பி மறுபடியும் கறுப்பு அங்கி அணிந்தார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் ஓர் இளம் காங்கிரஸ் தொண்டர் பொய்யாகச் சேர்க்கப்பட்டார். பெரிய வக்கீலை வைத்து வாதாட வசதியில்லாத அந்த இளைஞருக்காக, வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் முன்வந்தார்கள். வழக்கிலிருந்து அவர் விடுதலையானார். அந்த இளைஞர்தான் நம் பெருந்தலைவர் காமராசர்! அன்று அவர் தண்டிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்துவிட்ட முதலமைச்சரைத் தமிழகம் ஒருவேளை பார்க்காமலே போயிருக்கும்.

1937-இல் மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜார்ஜ் ஜோசப், அடுத்த ஆண்டே, 1938 மார்ச் 5 அன்று, மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50 மட்டுமே. எந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடினாரோ, அந்தச் சட்டம் அன்றும் உயிரோடுதான் இருந்தது. சென்னை மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல். நாடு முழுவதும் நீங்கியது 1952-இல். அதைக் காண அவர் இல்லை. விதைத்தவர் ஒருவர், அறுவடை செய்பவர் வேறொருவர் என்பது இயேசு நமக்குச் சொல்லிக்கொடுத்த உண்மையல்லவா?

அன்பார்ந்தவர்களே, இவரது வாழ்வு நம்மை உள்ளாய்வு செய்யவும் அழைக்கிறது. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட மக்களை அடைத்துவைத்த குடியிருப்புகள் சிலவற்றை, அரசுக்காக நிர்வகித்ததும் கிறிஸ்தவ அமைப்புகளே. நல்ல எண்ணத்தோடு செய்திருக்கலாம். ஆனாலும் அவர்கள் பூட்டின் வெளிப்பக்கத்தில் நின்றார்கள். ஜார்ஜ் ஜோசப் குற்றவாளிக் கூண்டின் பக்கத்தில் நின்றார். நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம்?

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. வீரப்பன் தேடுதல் வேட்டை நடந்த ஆண்டுகளில், நம் சத்தியமங்கலம் மலைகளிலும் அக்கரைக் கர்நாடகக் காடுகளிலும் வாழ்ந்த எளிய மக்கள் பலர், காட்டுக்குள் குடியிருந்த ஒரே காரணத்திற்காகச் சந்தேகிக்கப்பட்டார்கள். அடிபட்டார்கள், ஆண்டுக்கணக்கில் சிறையிலும் இருந்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு அவர்களது முறையீடுகளைக் கேட்டது. 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அந்த ஏழைகளின் குரல் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததற்கு, அவர்களுடன் நின்ற வழக்கறிஞர்களும் மனித உரிமை ஆர்வலர்களும் முக்கியக் காரணம். அந்நாட்களில் நம்மில் எத்தனை பேர் அம்மக்களை நம்பினோம்? எத்தனை பேர், நெருப்பில்லாமல் புகையுமா என்று பேசிவிட்டுப் போனோம்?

ஜார்ஜ் ஜோசப் தனியாளாகச் செய்ததை இன்று சட்டமே ஓர் உரிமையாக ஆக்கியிருக்கிறது. இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று 1976-இல் நம் அரசியலமைப்பில் 39அ பிரிவு சேர்க்கப்பட்டது. 1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசமாக வக்கீல் பெறலாம். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சட்டக் கல்லூரிகளிலும் மாணவர்கள் ஆசிரியர்களின் வழிகாட்டுதலில் ஏழைகளுக்கு உதவும் இலவச சட்ட உதவி மையங்கள் உண்டு. வசதி இருக்கிறது, ஆனால் திம்பம் மலை இறங்கி வரும் அந்த மனிதருக்கு இதை யார் சொல்வது?

அங்கேதான் நம் பங்கு தொடங்குகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு மணி நேரம் பங்கில் உள்ள ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்தால் போதும், பலருடைய பயம் தீரும். நம் அன்பியக் கூட்டத்தில் அந்த எண்ணை எழுதிக் கொடுக்கலாம். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளை, எழுத்தறியாத ஒருவருக்கு மனு எழுதித்தர அனுப்பலாம். படிப்பு ஏதுமில்லாதவரும் பயந்து நிற்பவரோடு நீதிமன்றம்வரை துணைக்குப் போகலாம். தூய ஆவியாரைத் துணையாளர் என்று நாம் அழைக்கிறோம். அச்சொல்லுக்கு நமக்காகப் பரிந்து பேசுபவர் என்றும் பொருள். பிலாத்துவின் முன் நின்ற நம் ஆண்டவருக்காகப் பேச ஒருவரும் இல்லை என்பதையும் மறவாதிருப்போம்.

செபிப்போம்: நீதியின் இறைவா, பிறப்பை வைத்தும் இருப்பிடத்தை வைத்தும் யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பிடாத மனதை எங்களுக்குத் தாரும். எங்கள் படிப்பையும் நேரத்தையும் பேச்சையும், பேச வழியற்றவர்களுக்காகக் கொடுக்கும் துணிவைத் தாரும். பலனை நாங்கள் காணாமல் போனாலும், விதைப்பதில் சோர்ந்துபோகாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.