வீட்டை விற்று மருத்துவமனை கட்டியவர்!

மூங்கிலில் பின்னிய துணிக் கூடையை வைத்து, பச்சிளம் குழந்தையின் உயிரைக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்று செய்து காட்டினார் ஒரு பெண் டாக்டர். அவர்தான் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஃபே டெல் முண்டோ. அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா குட்டீஸ்?

7,000-க்கும் அதிகமான தீவுகள் சேர்ந்த நாடு பிலிப்பைன்ஸ். அதன் தலைநகர் மணிலாவில், 1911 நவம்பர் 27 அன்று பிறந்தார் ஃபே. உடன்பிறந்தவர்களில் மூன்று பேர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்து விட்டனர். அக்கா எலிசாவுக்கோ, பெரியவளானதும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று ஆசை. பாவம், குடல்வால் நோயால் 11 வயதிலேயே அவளும் இறந்துபோனாள். அக்காவின் ஆசையைத் தன் ஆசையாக்கிக் கொண்டார் ஃபே.

1926-ல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1933-ல், வகுப்பிலேயே முதல் மாணவியாகத் தேறி டாக்டரானார். மரின்டூக் என்ற தீவில், சரியான சிகிச்சை கிடைக்காமல் குழந்தைகள் படும் பாட்டை நேரில் பார்த்தவர், குழந்தை மருத்துவமே தன் வழி என்று முடிவு செய்தார். அவரது திறமையை அறிந்த அதிபர் மானுவல் கேசோன், அமெரிக்கா சென்று மேற்பயிற்சி பெற உதவித்தொகை கிடைக்கச் செய்தார். பயிற்சி முடிந்து 1941-ல் நாடு திரும்பினார் ஃபே.

அந்த ஆண்டின் இறுதியில் போர் வந்தது. மணிலாவைப் பிடித்த ஜப்பான் ராணுவம், அங்கிருந்த வெளிநாட்டினரைக் குடும்பம் குடும்பமாக சான்டோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் அடைத்து வைத்தது. அங்கே அடைபட்ட குழந்தைகளுக்காகத் தற்காலிக இல்லம் ஒன்றை அமைத்தார் ஃபே. மக்கள் அவரை சான்டோ தோமாஸின் தேவதை என்று அழைத்தனர். ஆனால், 1943-ல் அந்த இல்லத்தை ஜப்பானியர் மூடி விட்டனர். பிறகு, மணிலா நகர நிர்வாகத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று, 1948 வரை பணியாற்றினார்.

அரசு நடைமுறைகளுக்குக் கட்டுப்பட்ட அந்த இடத்தில், அவர் நினைத்ததை எல்லாம் செய்ய முடியவில்லை. குழந்தைகளுக்கென்றே சொந்தமாக ஒரு மருத்துவமனை வேண்டும் என்று நினைத்தார். அதற்குப் பணம்? குடியிருந்த வீட்டை விற்றார். தன் உடைமைகளில் பெரும்பாலானவற்றையும் விற்றார். அப்போதும் போதாமல் கடன் வாங்கினார். 1957-ல் மணிலாவை அடுத்த கேசோன் நகரில், சுமார் 100 படுக்கைகளுடன் குழந்தைகள் மருத்துவ மையம் திறக்கப்பட்டது!

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளவில்லை அவர். மறு ஆண்டே, 1958-ல், அதை ஓர் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார். வீடுதான் இல்லையே, எங்கே தங்கினார் தெரியுமா? அந்த மருத்துவமனையின் மாடியிலேயே! மருத்துவமனையும் வளர்ந்தது. 1966-ல் தாய் சேய் நல நிலையம் ஒன்றும் அதனுடன் சேர்ந்தது.

சரி, அந்தக் கூடைக் கதைக்கு வருவோம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால், உடல் சீக்கிரம் குளிர்ந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதற்காகத்தான் இன்குபேட்டர் என்ற வெப்பப் பெட்டியில் வைக்கிறார்கள். அது மின்சாரத்தில் இயங்குவது. மின்சாரமே எட்டாத கிராமத்தில் என்ன செய்வது?

ஃபே இரண்டு மூங்கில் கூடைகளை எடுத்தார். பெரிய கூடைக்குள் சின்னக் கூடையை வைத்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் செருகினார். ஆக்சிஜன் கொடுக்க, மேலே ஒரு மூடி அமைத்தார். இன்குபேட்டர் தயார்!

1977-ல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1980-ல் பிலிப்பைன்ஸின் தேசிய விஞ்ஞானியாக அறிவிக்கப்பட்டார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவர்தான். மருத்துவமனைக்கும் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது. முதுமையில் நடக்க முடியாதபோதும், சக்கர நாற்காலியில் போய்க் குழந்தைகளைப் பார்த்தார். 2011 ஆகஸ்ட் 6 அன்று, தனது 99-வது வயதில் காலமானார்.

இல்லாததை நினைத்து ஃபே சோர்ந்து உட்காரவில்லை குட்டீஸ். கையில் இருந்தது கூடை என்றால் கூடை, வீடு என்றால் வீடு. அதை வைத்தே குழந்தைகளைக் காப்பாற்றினார். உங்கள் கையில் என்ன இருக்கிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!