செடிகளை எண்ணி நட்ட ஜெகில் அம்மையார்

'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' கதையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1886-ல் வெளியான அந்தக் கதையை ஸ்டீவன்சன் எழுதியபோது, தன் நண்பர் வால்டர் ஜெகிலின் குடும்பப் பெயரைத்தான் அந்த டாக்டருக்கு வைத்தார் என்று சொல்வார்கள். அந்த வால்டருக்கு ஒரு அக்கா இருந்தார். பெயர் கெர்ட்ரூட் ஜெகில். நம்ம கதாநாயகி அவர்தான்.

1843-ல் லண்டனில் பிறந்தவர். 17 வயதில் தென் கென்சிங்டன் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிப் படிக்கப் போவது சாதாரண விஷயம் இல்லை. ஓவியம், எம்ப்ராய்டரி, மர வேலை, வெள்ளி வேலை என்று கைவைக்காத கலையே கிடையாது. ஆனால் கிட்டப்பார்வை வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனது. 1891-ல் கண் மருத்துவர், நுணுக்கமான வேலைகளை எல்லாம் விட்டுவிடச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 47. இத்தனை வருஷம் கற்றதெல்லாம் வீணா?

இல்லை. கேன்வாஸை மாற்றினார், அவ்வளவுதான். சர்ரே மாவட்டத்தில் மன்ஸ்டெட் வுட் என்ற தன் சொந்த நிலத்தில், சுமார் 200 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு பூம்பாத்தி போட்டார். இரண்டு முனையிலும் வெள்ளை, சாம்பல் நிறங்கள். நடுவை நோக்கி வர வர மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் நெருப்புச் சிவப்பு. அங்கே வீடு கட்டிக் கொடுத்தவர் எட்வின் லட்யன்ஸ். ஆமாம், பின்னாளில் நம்ம டெல்லி ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான். இவர்கள் முதலில் சந்தித்தது 1889-ல். அவருக்கு அப்போது வயது வெறும் 20, அம்மையாருக்கு 45. அதன்பின் லட்யன்ஸ் கட்டிய பல வீடுகளுக்கு ஜெகில் தோட்டம் போட்டார்.

இனிமேல்தான் நம்ம ஏரியா. அம்மையாரின் தோட்ட வரைபடம் ஏறக்குறைய ஒரு இன்ஜினியரிங் டிராயிங் மாதிரி இருக்கும். ஒவ்வொரு செடிக்கும் நீளமாக, குறுகலாக ஒரு திட்டு. அதற்குள் செடியின் பெயர், பக்கத்திலேயே எத்தனை செடி என்ற எண். செடிகளைப் பெரும்பாலும் தன் நர்சரியிலிருந்தே அனுப்புவார். பல தோட்டங்களை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. அளவும் மண் விவரமும் தபாலில் வரும்; வரைபடம் தபாலில் போகும். எண் தப்பினால் அங்கே போய்ச் சரிசெய்ய ஆள் இல்லை.

அந்த எண்ணை நாம எப்படிப் போடலாம்? திட்டு 8 அடி நீளம், 3 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 24 சதுர அடி. செடிக்குச் செடி 1 அடி என்றால் 24 செடி. ஒன்றரை அடி என்றால் 24-ஐ 2.25-ஆல் வகுக்கணும்; 11 போதும். அரை அடியாகக் குறைத்தால் 96! இடைவெளி பாதியானால் செடி நான்கு மடங்கு, செலவும் நான்கு மடங்கு. அதே 1 அடி இடைவெளியைச் சதுரமாக வைக்காமல், வரிசை மாற்றி முக்கோணமாக நட்டால் சுமார் 28 செடி பிடிக்கும். ஏறக்குறைய 15 சதவீதம் லாபம்.

ஜெகில் இதோடு நிற்கவில்லை. காலத்தையும் கணக்கில் சேர்த்தார். பாப்பி பூத்து முடித்ததும் அடியோடு காய்ந்து, அந்த இடம் மொட்டையாகிவிடும். அதனால் அதன் பின்னால் ஜிப்சோஃபிலாவை நட்டார். பாப்பி ஓய்கிற நேரத்தில் அது படர்ந்து வெற்றிடத்தை மூடிவிடும். அதாவது, நடுகிற அன்றைக்குக் காலியாகத் தெரிகிற இடம் எல்லாம் உண்மையில் காலி இல்லை.

சுமார் 400 தோட்டங்களுக்கு வேலை செய்துவிட்டு 1932-ல், 89 வயதில் மறைந்தார். பராமரிக்க ஆளில்லாமல் அவர் தோட்டங்களில் பல அழிந்தே போயின. ஆனால் காகிதங்கள் அழியவில்லை. பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்ற அமெரிக்கத் தோட்டக்கலைஞர் அவற்றை வாங்கிப் பாதுகாத்தார். இன்று அவை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஹாம்ப்ஷயரில் அப்டன் கிரே என்ற ஊரின் மேனர் வீட்டுக்கு 1908-ல் அவர் போட்ட தோட்டம், 1980-களில் வெறும் புதர்க்காடு. 1984-ல் அந்த வீட்டை வாங்கிய தம்பதி, பெர்க்லியிலிருந்து வரைபடங்களின் நகலை வரவழைத்து, திட்டு திட்டாக, எண்ணி எண்ணித் திரும்ப நட்டார்கள். தோட்டம் எழுந்து வந்தது. 'இங்கே கொஞ்சம் பாப்பி' என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

அடுத்த முறை நம்ம டிபார்ட்மென்ட் முன்னால் செடி நடும்போது, குழி வெட்டுவதற்கு முன் ஒரு கிராஃப் தாளை எடுங்க. திட்டை வரைஞ்சு, இடைவெளியைக் குறிச்சு, எண்ணைப் போடுங்க. அந்தத் தாளை ஜூனியர்ஸ் கையில் பத்திரமாகக் கொடுத்துட்டுப் போங்க.