வீடு வரை நீளும் மருத்துவம்

மருத்துவமனையிலிருந்து குழந்தை வீடு திரும்பும் நாள் மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், நோயின் வலு முழுதும் நீங்காத குழந்தைக்கு அந்நாளே புதிய சோதனையின் தொடக்கமாகிவிடுகிறது. அதுவரை மருத்துவரும் செவிலியரும் தாங்கிய பொறுப்பு ஒரே நாளில் பெற்றோரின் கைகளுக்கு வந்து சேர்கிறது. அக்கைகளைப் பழக்காமல் அனுப்பினால் மருத்துவம் பாதியிலேயே நின்றுவிடும். இவ்வுண்மையைத் தம் உடலின் துன்பத்தாலேயே உணர்ந்து செயல்பட்டவர், மருத்துவர் மேரி வர்கீஸ்.

இன்றைய கேரளத்தின் கொச்சிப் பகுதியில் 1925ஆம் ஆண்டு பிறந்த மேரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த சாலை விபத்தில் அவரது முதுகுத்தண்டு சிதைந்தது. இரு கால்களும் செயலிழந்தன. நின்று பணிபுரிய இயலாத நிலையிலும் அவர் தளர்ந்து ஒதுங்கவில்லை. மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் சீராக்கினார்.

உணர்விழந்த உடலைப் பேணும் கடினத்தை அவர் நாள்தோறும் அறிந்தார். ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் தோல் புண்ணாகும். வலி தெரியாததால் அப்புண் ஆழமாகும். சிறுநீர் முறையாக வெளியேறாவிடின் சிறுநீரகம் கெடும். தண்டுவடம் சிதைந்தோர் பலர் வீடு திரும்பியபின் உயிரிழக்க இவையே காரணமாயின. வளர்ந்தவர் தம் குறையைச் சொல்லக்கூடும். குழந்தைக்கோ தாயின் கண்ணே காவல்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், பின்னர் நியூயார்க் நகரில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்திலும் மேரி மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றார். தாயகம் திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை வழிநடத்தினார். அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டு பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

இம்மருத்துவத்தில் நோயாளியின் உறவினரும் மாணவரே. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்புதல், நாள்தோறும் தோலைச் சோதித்தல், இறுகும் தசைகளை மெல்ல நீட்டுதல், சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகக் கையாளுதல் ஆகியவற்றை அவர்கள் பார்த்தறிந்தால் மட்டும் போதாது. செவிலியரின் முன்னிலையில் தம் கையாலேயே செய்து பழக வேண்டும். காய்ச்சலோ புண்ணோ கண்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

வீட்டின் நிலையும் கருதத்தக்கது. சத்துவாச்சாரியின் குறுகிய சந்திலோ, ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளியின் ஓரறை வீட்டிலோ மருத்துவமனைக் கட்டில் இராது. உயர்ந்த வாயிற்படி, எட்டாத கழிவறை, பகலெல்லாம் வேலைக்குச் செல்லும் பெற்றோர் ஆகியவற்றை எண்ணாமல் கூறும் அறிவுரை வீட்டில் பயன்படாது. மரப்பலகையால் ஒரு சாய்தளம், நடுவில் துளையிட்ட ஒரு நாற்காலி, பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் சிறிது பயிற்சி எனக் கைக்கெட்டும் பொருளாலும் மனிதராலுமே அங்குக் காப்பு அமைகிறது.

1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற மேரி வர்கீஸ், 1986ஆம் ஆண்டு மறைந்தார். நோயுற்ற குழந்தையைச் சுமந்து வீடு செல்லும் தாயின் நெஞ்சில் அச்சம் இருக்கும். அச்சத்தோடு செயலறிவும் உடன் சென்றால் அக்குழந்தை பிழைக்கும். அச்செயலறிவைக் கற்பிப்பதும் மருத்துவரின் கடமையே என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.