திருமாலிருஞ்சோலையில் கூரத்தாழ்வான்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் 1010-ஆம் ஆண்டு, தை மாத ஹஸ்த நக்ஷத்திரத்தில் கூரத்தாழ்வான் அவதரித்தார் என்பது ஸம்ப்ரதாய வழக்கு. திருமறுமார்பன் என்பது அவர் திருநாமம். ஸ்ரீவத்ஸாங்கர் என்றும் வழங்குவர். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் வந்து, உஞ்சவிருத்தி செய்து எம்பெருமானார் திருவடிகளில் வாழ்ந்தார். ஆகவே ஆழ்வானுக்கு ஊர் என்பது திருவரங்கமே. அந்த ஊரையும் பிரிந்து, மதுரைக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமாலிருஞ்சோலையில் அவர் பல்லாண்டுகள் வாழ நேர்ந்தது. அவர் பிரிந்த காரணத்தையும், திரும்பிய வகையையும் குருபரம்பரை கூறும் வழியிலே அநுஸந்திப்போம்.

சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுமாறு சோழ மன்னன் உடையவரை அழைத்துவர ஆளனுப்பினான். ஆசார்யனுக்குத் தீங்கு வரலாகாது என்று கருதிய ஆழ்வான், உடையவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்து, திரிதண்டத்தைத் தாம் ஏந்தி அரசவைக்குச் சென்றார். முதுமை எய்திய பெரிய நம்பியும் உடன் சென்றார். உடையவர் வெள்ளை உடுத்து மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். அரசவையில் ஆழ்வான் கையொப்பமிட இசையவில்லை. அதன் விளைவாக அவரும் நம்பியும் கண்களை இழந்தனர். திரும்பும் வழியிலேயே பெரிய நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஆழ்வான் மட்டும் திருவரங்கம் வந்து சேர்ந்தார். பெரியபெருமாளை ஸேவிக்கச் சென்றபோது வாசலில் தடுக்கப்பட்டார். எம்பெருமானாரோடு ஸம்பந்தமுடையவர் எவரையும் உள்ளே விடலாகாது என்பது அப்போதைய அரசாணை. காவலரில் ஒருவர், ஆழ்வான் எவருக்கும் தீங்கு நினையாத நற்குணமுடையவர். ஆதலால் அவரை விடலாம் என்றார். வாசல் திறந்தது, ஆழ்வானோ உள்ளே செல்லவில்லை. ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்தை உண்டாக்குவதற்காக ஏற்பட்டவை. தமக்கோ அந்த ஸம்பந்தத்தையே விட்டுப் பெருமாளை ஸேவிக்க அவை காரணமாகின்றனவே என்று வருந்தி மீண்டார். பின்னர் குடும்பத்தோடு திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்டுத் திருமாலிருஞ்சோலை சேர்ந்தார்.

சிலம்பாறு பாயும் அந்த மலையடிவாரத்தில் அழகர் திருவடிகளே அவருக்குப் புகலிடமாயின. புறக்கண் இழந்த ஆழ்வான், அழகருடைய திருமேனி அழகை அவயவந்தோறும் அநுபவித்து ஸுந்தரபாஹுஸ்தவம் அருளிச்செய்தார். 132 ச்லோகங்கள் கொண்ட அந்த ஸ்தோத்திரத்தின் முடிவில் அவர் தமக்குக் கண்பார்வை வேண்டவில்லை. முன்போல் எம்பெருமானாரோடு கூடித் திருவரங்கத்தில் வாழ வேண்டும் என்பதே விண்ணப்பம். பாண்டிநாட்டில் அழகர் ஸந்நிதியில் இருந்துகொண்டே, ஊர் திரும்பும் நாளை அழகரிடமே கேட்டது அவருடைய ஏக்கத்தைக் காட்டும்.

உடையவர் மேல்நாட்டில் 12 ஆண்டுகள் எழுந்தருளியிருந்தார் என்பர். திருநாராயணபுரத்தில் கோயிலை நிலைநிறுத்தினார். சீடர்கள் பலர் சேர்ந்தனர். சோழன் மாண்ட செய்தி வந்ததும், திரும்புவதா, அங்கேயே இருப்பதா என்பது அவருக்கும் எளிதான முடிவாக இருக்கவில்லை. அவ்வூர் அடியார்கள் பிரிவாற்றாது தவித்தனர். அவர்களுக்குத் தம் திருமேனியை விக்ரஹமாக எழுந்தருளப்பண்ணிக் கொடுத்துவிட்டே புறப்பட்டார். தமர் உகந்த திருமேனி என்று இன்றும் அங்கே ஸேவிக்கப்படுவது அதுவே. இருந்த ஊருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத் தம் ஊர் திரும்பியது நாம் கவனிக்கத் தக்கது.

உடையவர் திருவரங்கம் எழுந்தருளினார் என்று கேட்டபின்பே ஆழ்வான் திருமாலிருஞ்சோலையிலிருந்து திரும்பினார். தம் பொருட்டுக் கண்ணிழந்தாரே என்று உடையவர் தழுவிக் கலங்கியபோது, ஸ்ரீவைஷ்ணவர் ஒருவருடைய திருமண்காப்பு கோணல் என்று தாம் எப்போதோ நினைத்ததன் பலனாக இருக்கும் என்றாராம் ஆழ்வான். பிறர்மேல் பழி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நம் இல்லங்களிலும் அயல்நாடுகளில் 20, 25 ஆண்டுகள் வாழ்ந்த பிள்ளைகள், திரும்பலாமா, வேண்டாமா என்று தவிக்கிறார்கள். சேமிப்பு, வட்டி, வீட்டுக்கடன், குழந்தைகளின் படிப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். வங்கிப் பணியில் இத்தகைய கணக்குகளை அடியேன் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை வேண்டியவையே. ஆயினும் வாசல் திறந்திருக்கிறது என்பது மட்டும் ஆழ்வானுக்குத் திரும்பப் போதிய காரணமாக இருக்கவில்லை. எந்த உறவால் அந்த ஊர் தமக்கு ஊராயிற்றோ, அந்த உறவை விட்டு உள்ளே செல்ல அவர் இசையவில்லை. அவ்வுறவு மீண்டதும் ஒரு நாளும் தாமதிக்க நினைக்கவில்லை. இந்தக் கேள்வியையும் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பது நமக்கு நலம்.

பிற்காலத்தில் ஆழ்வான் நம்பெருமாளிடம் பரமபதம் வேண்டிப் பெற்றார். தமக்கு முன்னே செல்ல விரும்பியது ஏன் என்று உடையவர் கேட்டார். திருநாட்டில் புதிதாக வருவோரை முன்னே சென்றவர்கள் எதிர்கொண்டு அழைப்பது முறை. ஆசார்யன் முன்னே சென்று சீடனை எதிர்கொள்வது தகாது. ஆகவே தாம் முன்னே செல்வதாக விண்ணப்பித்தார். திருவரங்க வாசலில் ஆசார்யனை விட்டு உள்ளே நுழைய மறுத்தவர், ஆசார்யனை வரவேற்பதற்காகவே அந்த வாசலில் முன்னே நுழைந்தார்.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.